ஸ்ரீநிகேதன்: ஊருக்குள் போன பல்கலைக்கழகம்

1922 பிப்ரவரி 6. வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் சுரூல் என்ற கிராமத்தின் ஓரமாக நின்ற பழைய பங்களாவில் ஒரு சின்னக் கூட்டம் குடியேறியது. சாந்திநிகேதனிலிருந்து வந்த மாணவர்கள் பத்துப் பேர் அளவில் இருந்தார்கள். தலைமை லெனார்ட் எல்ம்ஹிர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர், வயது 28. கேம்பிரிட்ஜில் வரலாறு படித்துவிட்டு, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். நியூயார்க்கில் அவரைச் சந்தித்து "எங்கள் ஊருக்கு வந்து வேலை செய்கிறாயா?" என்று கூப்பிட்டவர் ரவீந்திரநாத் தாகூர்.

அந்த மாணவர்கள் படித்த குடும்பங்களின் பிள்ளைகள். மண்வெட்டி பிடித்துப் பழகாதவர்கள். சுரூலில் அவர்களுக்குத் தொடக்க நாட்களிலேயே கிடைத்த பாடம் கழிப்பறை வாளியைத் தூக்குவது. கழிவைக் கொண்டுபோய்த் தோட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் கொட்டி, மண் போட்டு மூடி, அது மக்கி உரமானதும் அதன் மேல் காய்கறி போட வேண்டும். எல்ம்ஹிர்ஸ்டும் கூடவே தூக்கினார். இன்னார்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று பிறப்பிலேயே எழுதிவைத்திருந்த ஒரு சமூகத்தில், அது எவ்வளவு பெரிய பாடம் என்று யோசித்துப் பாருங்கள். சுகாதாரம், மண்வளம், சாதி மூன்றையும் ஒரே வாளியில் கற்றுக்கொடுத்தார்கள்.

தாகூர் சாந்திநிகேதனில் நிறுவிய விஸ்வபாரதி பல்கலைக்கழகம் முறையாகத் தொடங்கியது 1921 டிசம்பர் 23 அன்று. அதிலிருந்து ஒன்றரை மாதத்துக்குள் அதன் கிராமப் பிரிவான ஸ்ரீநிகேதன் சுரூலில் வேலையை ஆரம்பித்துவிட்டது. கட்டடம் எழும்பி, பட்டமளிப்பு நடந்து, ஆண்டுகள் கழிந்து "சரி, அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் ஏதாவது செய்வோம்" என்று பிற்பாடு சேர்த்துக்கொண்ட வேலை இல்லை இது. பிறக்கும்போதே கூடப் பிறந்தது. ஒரு பல்கலைக்கழகம் சுற்றியுள்ள மக்களுக்குக் கல்வி, மருத்துவம், கலை மூன்றையும் எப்படிக் கொண்டுபோக முடியும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் கையை நீட்டிக் காட்டுவது ஸ்ரீநிகேதனைத்தான்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்பதைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படித்தபோது நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தேன். ஏழு நாள் சிறப்பு முகாமுக்கு ஒரு கிராமத்துக்குப் போனோம். ஊரணியைச் சுற்றி மண்டிக் கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டினோம், கரையைச் சமப்படுத்தினோம், பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்தோம், கடைசி நாள் கலைநிகழ்ச்சி நடத்திவிட்டு பஸ் ஏறினோம். மறு வருடம் அதே ஊருக்குப் போனால் கருவேலம் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. ஊரணியில் தண்ணீர் இல்லை. கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "போன வருசமும் வந்தீங்க தம்பி, நல்லாத்தான் வெட்டுனீங்க. தண்ணி எந்தப் பக்கமிருந்து வரும், வரத்துக்கால் எங்க இருக்குன்னு ஒருத்தரும் கேக்கலையே." வரத்துக்கால் தூர்ந்து போயிருந்தது. நாங்கள் ஊரணியை மட்டும் பார்த்தோம். அந்த வாக்கியம் இன்னும் என் கூடவே இருக்கிறது.

ஸ்ரீநிகேதன்காரர்கள் வரத்துக்காலைத் தேடிப் போனவர்கள். அவர்களுக்கும் அது ஒரே நாளில் வரவில்லை. தாகூர் 1890களிலிருந்தே கிழக்கு வங்காளத்தின் ஷிலாய்தஹா, பதிசர் பகுதிகளில் குடும்ப ஜமீனைப் பார்த்துக்கொண்டவர். படகிலேயே தங்கி ஊர் ஊராகப் போனபோதுதான் குடியானவர்களின் கடனும் காய்ச்சலும் அவர் கண்ணில் பட்டன. 1905இல் பதிசரில் விவசாயிகளுக்கென்று ஒரு வங்கி தொடங்கினார். பின்னால் நோபல் பரிசாகக் கிடைத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாயை அதில்தான் போட்டார். 1930களில் கடன் நிவாரணச் சட்டங்கள் வந்தபோது கொடுத்த கடன் திரும்பவில்லை, பணம் போய்விட்டது. 1906இல் மகன் ரதீந்திரநாத்தை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வேளாண்மை படிக்க அனுப்பினார். வசதியான வங்காளிக் குடும்பங்கள் பிள்ளைகளை பாரிஸ்டர் படிப்புக்கு லண்டன் அனுப்பிய காலம் அது.

பீர்பூம் செம்மண் பூமி. மழை பெய்தால் மண் அரித்து ஓடை ஓடையாகப் பிளந்துகொள்ளும். அந்தப் பிளவுகளை அங்கே கோவாய் என்பார்கள். மரம் வெட்ட வெட்ட அரிப்பு கூடியது. அதைவிடப் பெரிய அழிவு மலேரியா. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பர்த்வான் காய்ச்சல் என்று பேர் வாங்கிய கொள்ளைநோய் மேற்கு வங்காளத்தின் ஊர்களைக் காலி செய்தது. வங்காளப் பொதுச் சுகாதாரத் துறையின் தலைவராக இருந்த டாக்டர் பென்ட்லி, ரயில் பாதைக்கும் ரோட்டுக்கும் போட்ட மேடுகள் வெள்ளநீரின் பழைய வழிகளை அடைத்ததுதான் மலேரியா பெருகியதற்கு முக்கியக் காரணம் என்று வாதாடினார். ஆற்றுத் தண்ணீர் வயல்களில் பாய்ந்து வடிந்துகொண்டிருந்தவரை கொசு குறைவு. தண்ணீர் தேங்கியது, குளம் பாசி பிடித்தது, வயலுக்கு வண்டல் வராமல் விளைச்சல் குறைந்தது, காய்ச்சல் கூடியது. காய்ச்சலில் படுத்தவனுக்கு உழ முடியாது. உழாதவன் கடன் வாங்குவான். அப்புறம் நிலம் கைமாறும்.

அந்த ஊர்கள் ஏன் நலிந்தன என்பதை எல்ம்ஹிர்ஸ்ட் மூன்றே காரணங்களில் அடக்கினார்: குரங்கு, மலேரியா, ஒருவரை ஒருவர் நம்பாமை. குரங்கு தோட்டத்தை அழித்தது, மலேரியா உடம்பை அழித்தது. மூன்றாவதுதான் கடினம். குளத்தைத் தூர்வாரலாம் என்றால் அந்தக் குளத்துக்குப் பத்துப் பங்காளிகள் இருப்பார்கள், ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் முறைப்பார். இந்து தெரு, முஸ்லிம் தெரு, சந்தால் பழங்குடியினர் குடியிருப்பு என்று ஊர்கள் பிரிந்து கிடந்தன. வெளியிலிருந்து ஒரு வெள்ளைக்காரரும் பாபு வீட்டுப் பிள்ளைகளும் வந்து நிற்கிறார்கள், இவர்களுக்கு என்ன லாபம் என்று ஊர் சந்தேகப்பட்டது நியாயம்தானே.

அந்தச் சந்தேகத்தை உடைத்ததில் பெரிய பங்கு சிறுவர்களுடையது. காளிமோகன் கோஷ் போன்ற ஊழியர்கள் ஊர் ஊராக நடந்து, பையன்களைச் சேர்த்து பிரதி பாலகர், அதாவது விரதம் ஏற்ற சிறுவர்கள், என்று ஒரு படை அமைத்தார்கள். சாரணர் இயக்கம் மாதிரிதான், ஆனால் அணிவகுப்புக்குப் பதில் வேலை. தேங்கிய குட்டையில் மண்ணெண்ணெய் தெளிப்பது, சாக்கடை வெட்டுவது, காய்ச்சல்காரர் வீட்டுக்குக் கொயினா மாத்திரை கொண்டுபோய்க் கொடுப்பது, கூரை தீப்பிடித்தால் அணைக்க ஓடுவது. வெளியாள் சொன்னால் கேட்காத ஊர், தன் வீட்டுப் பிள்ளை செய்யும்போது தடுக்காது. அதோடு வேலை தொடங்குமுன் ஊரைக் கணக்கெடுத்தார்கள். எத்தனை வீடு, யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் குளம் யாருக்குச் சொந்தம், எத்தனை குழந்தை காய்ச்சலில் போனது. எங்கள் ஊரணிப் பெரியவர் எதிர்பார்த்த கேள்விகள் இவைதான்.

மருத்துவத்தில் ஸ்ரீநிகேதன் செய்ததை இன்றைய மருத்துவக் கல்லூரிகள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தொடக்கத்தில் கிரெட்சென் கிரீன் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரு சிறு மருந்தகம் நடத்தினார், சுற்று வட்டாரத்துப் பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். பின்னால் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஹாரி டிம்பர்ஸ் என்ற மருத்துவர் மலேரியாவை ஊர்வாரியாக ஆராய்ந்தார். இலவச மருந்து கொடுத்து நல்ல பெயர் வாங்குவது சுலபம். ஆனால் 1930களில் அவர்கள் சுகாதாரக் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போனார்கள். சில ஊர்கள் சேர்ந்து ஒரு சங்கம். உறுப்பினர் குடும்பம் ஆண்டுக்கு ஒரு சிறு சந்தா கட்டும். அதில் ஒரு டாக்டரை வைத்துக்கொள்வார்கள், மருந்து மலிவாகக் கிடைக்கும். சங்கத்தின் வேலை சிகிச்சையோடு நிற்காது, குட்டையை மூடுவதும் காடு வெட்டுவதும் அதன் பொறுப்பே. கல்கத்தாவில் டாக்டர் கோபால் சந்திர சாட்டர்ஜி தொடங்கியிருந்த மலேரியா ஒழிப்புக் கூட்டுறவு இயக்கம் இதற்கு முன்னோடி. அதன் கூட்டங்களில் தாகூரே பேசியிருக்கிறார்.

காசு கொடுத்து வைத்துக்கொண்ட டாக்டரிடம் கேள்வி கேட்கலாம். தானமாக வந்தவரிடம் கேட்க முடியாது. மருத்துவ முகாம் பந்தலில் வரிசையில் நிற்கும் நம் கிராமத்து அம்மாக்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும். கொடுத்த மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள், எதற்கு என்று கேட்க மாட்டார்கள். வாங்க மட்டுமே பழகிய ஊர் மேலும் நலிந்துபோகும் என்பதில் தாகூர் உறுதியாக இருந்தார். ஊர் தன் காலில் நிற்கப் பழகுவதுதான் அவர் கேட்டது. அதுவும் ஒன்றிரண்டு ஊர் அப்படி நின்றால் போதும், அதுவே மாதிரியாகட்டும் என்றார்.

கல்விப் பக்கம் வருவோம். 1924இல் சிக்‌ஷா சத்ரா என்ற பள்ளி தொடங்கியது. முதலில் சாந்திநிகேதனில், 1927இலிருந்து ஸ்ரீநிகேதனில். ஏன் இன்னொரு பள்ளி? சாந்திநிகேதன் பள்ளி கொஞ்சம் கொஞ்சமாக நடுத்தர வர்க்கத்துப் பள்ளியாகிவிட்டது. பெற்றோர் மெட்ரிகுலேஷன் தேர்வு கேட்டார்கள், கொடுக்க வேண்டியதாயிற்று. தாகூருக்கு அது உள்ளுக்குள் வலித்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் சிலரை வைத்துத் தொடங்கிய சிக்‌ஷா சத்ராவில் தேர்வு நெருக்கடி இல்லை. பிள்ளைக்கு ஒரு பாத்தி நிலம், சமையல், நெசவு, அதன் வழியாகக் கணக்கும் எழுத்தும் இயற்கை அறிவும். காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டம் வார்தாவில் 1937இல் வந்தது. அதற்கு 13 ஆண்டுகள் முந்தியது இது.

இரண்டுக்கும் நடுவே ஒரு தமிழர் இருக்கிறார். ஆரியநாயகம், யாழ்ப்பாணத் தமிழர். தாகூரிடம் சாந்திநிகேதனில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவர், 1930இல் தாகூர் ஐரோப்பாவுக்கும் ரஷ்யாவுக்கும் போனபோது செயலாளராகக் கூடப் போனவர். பிறகு மனைவி ஆஷாதேவியோடு வார்தாவுக்குப் போய், காந்தியின் கல்வித் திட்டத்தை நடத்திய ஹிந்துஸ்தானி தாலிமி சங்கத்தைத் தோளில் சுமந்தார். நம்மவர்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

பள்ளிக்கே வர முடியாதவர்களுக்காக 1930களின் பிற்பகுதியில் லோக சிக்‌ஷா சம்சத் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதலாம். கல்யாணமாகிப் படிப்பு நின்றுபோன பெண்களை மனதில் வைத்துச் செய்தது. அதற்கான பாடநூல்களை எளிய வங்காளத்தில் எழுதினார்கள். 76 வயதில் தாகூரே உட்கார்ந்து அறிவியலைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸுக்குச் சமர்ப்பித்தார். தபால்வழிக் கல்வி, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று நாம் இன்று பேசுவதற்கெல்லாம் வெகு முன்னால்.

இனி கலை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். கல்வியும் மருத்துவமும் அவசியம் என்று யாரும் ஒத்துக்கொள்வார்கள். கலை என்றதும் "அது அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். நிதி குறைந்தால் முதலில் வெட்டுவது அதைத்தான். ஸ்ரீநிகேதன் என்ற பெயரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஸ்ரீ என்றால் செல்வம், அழகு என்று இரண்டும். நம் தமிழில் 'திரு'வும் அப்படித்தானே. திரு நிறைந்த வீடு என்றால் நெல் நிறைந்த வீடும், கோலம் நிறைந்த வீடும். இரண்டையும் நம் முன்னோர் ஒரே சொல்லில் வைத்தார்கள்.

1928இல் ஸ்ரீநிகேதனில் ஹலகர்ஷணம் என்ற விழா முதன்முதலாக நடந்தது. ஏர் பூட்டும் விழா. தரையில் ஆல்பனா, வங்காளிகளின் மாக்கோலம். காளைகளுக்கு அலங்காரம். வேத மந்திரம், பாட்டு, ஊர்வலம். அப்புறம் தாகூர் தானே ஏர் பிடித்தார். 67 வயது, நோபல் பரிசு பெற்ற கவிஞர், பிராமண ஜமீன்தார். வங்காளத்தில் மேல்சாதிக்காரர் கலப்பையைத் தொட்டால் சாதிக்கே இழுக்கு என்று நினைத்த காலம். சுற்றி நின்று பார்த்த குடியானவர்களுக்கு எந்தப் பிரசங்கமும் தேவைப்பட்டிருக்காது. பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் வண்ணம் பூசும் நமக்கு அந்தக் காட்சி புரியும், ஆனால் ஜமீன்தாரே இறங்கி நிலத்தை உழுதார் என்பதுதான் புதிது. விஸ்வபாரதியின் கலைப்பள்ளியான கலாபவனத்தின் தலைவர் நந்தலால் போஸ், 1930இல் அந்தக் காட்சியை ஸ்ரீநிகேதனில் ஒரு சுவரிலேயே ஓவியமாக்கினார். நாட்டின் முதல் வரிசை ஓவியர் ஒருவர், ஊர்க்காரர்கள் வந்துபோகும் இடத்துச் சுவரில், அவர்களுடைய வேலையையே வரைந்து வைத்தார். காட்சிக்கூடத்துக்கு டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கும் ஓவியம் இல்லை.

கைத்தொழிலும் இதே வழியில் வளர்ந்தது. 1927இல் தாகூர் மலாயா, ஜாவா, பாலி என்று பயணம் போனார். ஜாவாவில் பார்த்த பாத்திக், மெழுகு தடவிச் சாயம் போடும் முறை, அந்தப் பயணத்துக்குப் பிறகு சாந்திநிகேதனுக்கு வந்தது. தோலில் சித்திரம் அழுத்தி வண்ணமேற்றும் வேலையை ரதீந்திரநாத்தும் அவர் மனைவி பிரதிமா தேவியும் கொண்டுவந்து சேர்த்தார்கள். கலாபவனத்து ஓவியர்கள் வடிவம் போட்டுக் கொடுக்க, ஸ்ரீநிகேதனின் சில்ப பவனத்தில் ஊர்ப் பெண்களும் இளைஞர்களும் தொழில் கற்றுக்கொண்டார்கள். நெசவு, மட்பாண்டம், மர வேலை, காந்தா என்ற வங்காளத் தையல். சாந்திநிகேதன் தோல் பொருட்களுக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. சாந்திநிகேதனை அடுத்த போல்பூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்தப் பைகளாலும் பணப்பைகளாலும்தான்.

விழாவால் குளம் தூர்வாரப்படுமா என்று கேட்கலாம். 1936இல் சாந்திநிகேதனை அடுத்த புவன்டாங்காவில் தூர்ந்துபோன குளத்தை மறுபடி வெட்டி, தண்ணீரை ஊருக்கு அர்ப்பணிக்கும் விழா எடுத்தார்கள். மரநடு விழாவையும் அந்த வருடம் அங்கேயே வைத்தார்கள். மண்வெட்டி வேலையும் மந்திரமும் பாட்டும் ஒரே இடத்தில். குரங்கு, மலேரியா, நம்பாமை என்றாரே எல்ம்ஹிர்ஸ்ட், அந்த மூன்றாவதுக்கு மருந்து கொயினாவில் கிடையாது. சேர்ந்து பாடியவர்கள், சேர்ந்து கோலம் போட்டவர்கள்தான் மறுநாள் சேர்ந்து குளம் வெட்டுவார்கள். தாகூர் இதை நம்பினார். நானும் நம்புகிறேன்.

இந்த விதையில் ஒன்று நம் மண்ணிலும் விழுந்தது. நெய்யாற்றின்கரையில் பிறந்த ஜி. ராமச்சந்திரன் சாந்திநிகேதனில் படித்தவர். 1924இல் இருபது வயதில் டெல்லியில் காந்தியைச் சந்தித்தபோது அவர் கேட்ட கேள்விகள் கலையைப் பற்றியவை. அழகுக்கும் உண்மைக்கும் என்ன உறவு என்று கேட்டார். சாந்திநிகேதன் பையன் வேறெதைக் கேட்பான்! அந்த உரையாடல் காந்தியின் பத்திரிகையில் வெளியானது. பின்னாளில் அவர் மணந்தது டாக்டர் சௌந்தரத்தை. டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள், இளம் வயதில் கணவரை இழந்து, டெல்லியில் மருத்துவம் படித்தவர். இருவரும் 1947இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சின்னாளப்பட்டியில் இரண்டே படுக்கையோடு ஆரம்பித்த பிரசவ விடுதி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது, 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்குவது பாடத்திட்டத்திலேயே ஒரு பகுதி. பக்கத்து ஆத்தூர் வட்டாரத்தில் 1960களில் தாய் சேய் நலத்திலும் குடும்ப நலத்திலும் நடந்த களப்பணி நாடு முழுவதும் பேசப்பட்டது.

ஸ்ரீநிகேதனில் எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். தொடக்க காலச் செலவில் பெரும்பகுதியை அமெரிக்காவின் டாரதி ஸ்ட்ரெயிட் என்ற செல்வந்தப் பெண்மணி கொடுத்தார். 1925இல் எல்ம்ஹிர்ஸ்டை மணந்து, இருவரும் இங்கிலாந்தில் டார்ட்டிங்டனில் இதே போன்ற ஒரு நிறுவனத்தைத் தொடங்கிய பிறகும் உதவி வந்துகொண்டிருந்தது. ஊர் தன் காலில் நிற்க வேண்டும் என்று சொன்ன நிறுவனம், தான் நிற்க வெளிநாட்டுப் பணத்தை நம்பியது. ஜமீன்தாரி முறையையும் கடன் கொடுப்பவர்களின் பிடியையும் அதனால் அசைக்க முடியவில்லை. சாதிப் பிளவுகள் கரைந்தன என்றும் சொல்ல முடியாது. 1951இல் விஸ்வபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானதும் ஸ்ரீநிகேதன் அதன் ஒரு துறையானது. சம்பளம் நிச்சயமாயிற்று, சிக்‌ஷா சத்ரா எதிலிருந்து தப்பிக்கப் பிறந்ததோ அந்தத் தேர்வும் பட்டமும் வந்து சேர்ந்தன. ஊழியர் அதிகாரியானார். பாத்திக் புடவை கல்கத்தா கடைகளின் கண்ணாடிக்குள் போனது, அதைச் செய்த ஊர்க்காரரின் வீட்டுச் சுவரில் ஓவியம் வரைய நந்தலால் மாதிரி யாரும் வரவில்லை.

ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. நம் ஊரில் பொறியியல் கல்லூரி இல்லாத வட்டாரம் இருக்கிறதா? மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டம் அரிது. பல கல்லூரிகளின் மதிலுக்கு வெளியே பத்தடியில் ஒரு கிராமம் இருக்கிறது. அந்தக் கிராமத்துக் கண்மாயின் வரத்துக்கால் எங்கே தூர்ந்திருக்கிறது என்று சிவில் துறை மாணவர் ஒருவருக்கு மதிப்பெண்ணோடு கூடிய பாடமாகக் கொடுக்கலாம். அந்த ஊர்ப் பறையாட்டக் குழுவைக் கூப்பிட்டு வகுப்பெடுக்கச் சொல்லி, ஆசிரியருக்குக் கொடுக்கும் ஊதியத்தையே கொடுக்கலாம். கடைசி நாள் மேடையில் நாம் போய் ஆடிவிட்டு வருவதைவிட அது எவ்வளவோ மேல். எங்கள் முகாமின் கடைசி இரவு அந்த ஊரணிப் பெரியவரும் வந்து உட்கார்ந்து எங்கள் நடனத்தைப் பார்த்தார். அவர் இளம் வயதில் ஊர்த் திருவிழாவில் ஒயிலாட்ட வாத்தியாராக இருந்தவர் என்பது, பஸ் கிளம்பும்போது இன்னொருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஸ்ரீநிகேதனில் ஆகஸ்ட் மாதத்தில் இப்போதும் ஏர் பூட்டுகிறார்கள். தாகூரின் நினைவு நாளில் மரம் நடுவார்கள், அடுத்த நாள் ஹலகர்ஷணம். ஈர மண்ணில் ஆல்பனா போட்டு, அலங்கரித்த காளைகளை ஓட்டிவந்து, அந்த வருடத்து விருந்தினரின் கையில் கலப்பையைக் கொடுப்பார்கள்.